பனிமலையில் ஓர் ஆசிரிய கலாசாலை

வெண்பனியைப் பற்றி நாம் சிறுவயதிற் பாடப்புத்தகத்திலே படித்தோம்; பின்னர் முப்பத்து மூன்று ஆண்டுகளாக அதனைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் வந்தோம். ஆயினும் கண்ணாற் கண்டதில்லை. தை மாதத்து விடியற்காலை ஒன்றில் நுவரெலியாவின் புல்நுனிகளில் உறைந்து கிடந்த வெண்துகளைக் கண்டு வியந்ததோடு எமது அனுபவம் முடிந்திருந்தது. காணாததைக் கற்பித்த குற்றம் நெடுநாளாக எம் மனத்தை உறுத்திற்று. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, சூரிச் நகரில் வாழும் எமது தங்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது அக்குற்றத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தது.

சூரிச் மாநிலப் பாடசாலைகளுக்கு மாசியில் 'விளையாட்டு விடுமுறை' என்று ஒன்று உண்டு. குழந்தைகள் மலைக்குச் சென்று பனியில் ஓடியாடி வரவேண்டும் என்பதற்காகவே அரசாங்கம் விடும் விடுமுறை! பதினேழு வயதான எமது மருமகன், "மாமா, ஒஸ்ரியா நாட்டிலுள்ள சென் அன்ரனுக்குப் போவோம். பனிச்சறுக்கலை ஒரு பாடமாக வகுத்துக் கற்பிக்கத் தொடங்கிய ஊர் அது" என்றான். எமக்கு மறுப்பதற்கு மனமில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, தங்கை எம்மைச் சமையலறைக்கு அழைத்து மெல்லிய குரலிற் சொன்னாள்: "அண்ணா, இவன் மருத்துவம் படிக்கமாட்டேன் என்கிறான். ஆரம்பப் பாடசாலை ஆசிரியனாகப் போகிறானாம். தகப்பன் மூன்று மாதமாக இவனோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் சொன்னாற் கேட்பான். வழியில் நல்ல புத்தி சொல்லிக் கூட்டி வாருங்கள்." நாமும் ஆகட்டும் என்று தலையசைத்தோம். ஆசிரியத் தொழிலாலே வயிறு வளர்த்த ஒருவரிடம், ஒரு பிள்ளை ஆசிரியனாகாதபடி தடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அதன் விநோதம் அந்த வேளையில் எமக்குத் தோன்றவில்லை.

புகையிரதத்தில் ஒரு பெண்

சூரிச்சிலிருந்து கடுகதிப் புகையிரதத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகச் சென் அன்ரனை அடையலாம். முதலிற் சூரிச் ஏரி. அடுத்து, செங்குத்தான பாறைகளின் காலடியிற் பச்சை நீராய்க் கிடக்கும் வாலன் ஏரி. எல்லைப்புற நிலையமாகிய பூக்ஸில் வண்டி நின்று, வந்த முகமாகவே திரும்பிப் புறப்படுகிறது. முன்னோக்கியிருந்த நாம் இப்போது பின்னோக்கி அமர்ந்தவாறே றைன் நதியைக் கடந்து, லீக்டென்ஸ்ரைன் என்னும் சின்னஞ்சிறு நாட்டை ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தாண்டி, ஒஸ்ரியாவுக்குள் நுழைந்தோம்.

பெல்ட்கேர்க் நிலையத்திலே தோளில் ஒரு பெரும் பொதியும், கையில் நீண்ட உறையிலிட்ட சறுக்குப் பலகைகளுமாக ஒரு பெண் ஏறி எமக்கு எதிரே அமர்ந்தாள். வயது இருபத்திரண்டு இருக்கலாம். அமர்ந்ததும் ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வாய்க்குள் எதையோ முணுமுணுக்கலானாள். எம் ஊரிலே பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகம் எப்படியோ, அப்படியே இருந்தது அவள் முகம். எமக்கு அது பழகிய முகம். "பிள்ளைக்குப் பரீட்சையோ?" என்று ஆங்கிலத்தில் வினவினோம். அவள் திடுக்கிட்டுச் சிரித்தாள்.

வேல்ஸ் நாட்டு மலைப்புறத்திலே செம்மறி ஆடு வளர்க்கும் கமக்காரர் ஒருவரின் மகள் அவள். பள்ளிப் படிப்பு முடிந்தபின், வெளிக்களப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் இரண்டாண்டுகள் பயின்றிருக்கிறாள். அத்தகைய கல்லூரிகள் எமது நாட்டவர்க்குப் புதியவை. மலையேறல், சிறு தோணி செலுத்துதல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி காணல், முதலுதவி, ஒரு கூட்டத்தைக் காட்டிலும் மேட்டிலும் பத்திரமாக அழைத்துச் செல்லுதல் என்பனவே அங்கே பாடங்கள். இந்தக் கல்விமுறைக்குப் பிரித்தானியாவில் ஆழமான வேர் உண்டு. 1941 இலே ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய கல்வியாளர் கூர்ட் ஹான், கப்பற் கம்பனி அதிபர் லோறன்ஸ் ஹோல்ற் என்பவரோடு சேர்ந்து, வேல்ஸின் கடற்கரை ஊராகிய அபர்டோவியில் இளைஞர்க்கான ஒரு பயிற்சிக்கூடத்தைத் தொடக்கினார். போர்க்காலத்திற் கடலில் மூழ்கும் கப்பல்களிலிருந்து தப்பும் மனவலிமை இளம் மாலுமிகளுக்கு வேண்டியிருந்ததே அதற்கு ஒரு காரணம். அங்கே முளைத்த எண்ணம் பின்னர் உலகெங்கும் பரவிற்று.

"பனியே அதிகம் இல்லாத வேல்ஸில் எப்படிச் சறுக்கக் கற்றாய்?" என்று கேட்டோம். மலைச்சரிவிலே தூரிகை மயிர்போன்ற செயற்கை விரிப்பைப் பதித்து அதன்மேற் சறுக்கும் இடங்கள் அங்கே உண்டாம். எமக்கு விளங்கும்படி நாமே சொல்லிக்கொண்டோம்: தும்புத் தடுக்கின்மேற் சறுக்குவது போலும்! அதிலே விழுந்தால் தோல் உரிந்துவிடும் என்று தன் முழங்கைத் தழும்பைக் காட்டினாள்.

இப்போது அவள் ஒஸ்ரியாவின் தீரோல் மாநிலத்திலே பனிச்சறுக்கு ஆசிரியையாகும் முதற்படிப் பாடநெறியில் இருக்கிறாள். பத்து நாட் பயிற்சி. ஆறு நாட்கள் கழிந்துவிட்டன. ஓய்வுநாளில் பெல்ட்கேர்க்கிலுள்ள தோழியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். "சென்ற ஆண்டும் எழுதினேன், தவறிவிட்டேன்" என்றாள் தலை குனிந்து. "இம்முறையும் தவறினால் ஊருக்கு வந்து ஆடு மேய்க்கவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்."

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குகளைவிட்டு முற்றாக நீங்கிய பின்னர், 2021 முதல் அந்நாட்டவர் இங்கே தொழில் புரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். இவளுடைய தாயார் அயர்லாந்துக்காரர் ஆதலால், அயர்லாந்துக் கடவுச்சீட்டு அவளைக் காப்பாற்றியிருக்கிறது. கல்லூரித் தோழர் பலருக்கு அந்த வாசலும் அடைபட்டுவிட்டதாம். தாய்நாட்டை விட்டுப் பிழைக்கப் போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு என்னும் சிறு புத்தகம் எவ்வளவு பெரிய புத்தகம் என்பதை எம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆர்ல்பேர்க் மலை

பேசிக்கொண்டிருக்கையிலேயே வண்டி இருளுக்குள் புகுந்தது. பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நீளமுள்ள ஆர்ல்பேர்க் சுரங்கம் அது. 1880 இலே தோண்டத் தொடங்கி 1884 இலே வண்டி ஓடவிட்டார்கள். அதனை முன்னின்று அமைத்த பொறியியலாளர் யூலியுஸ் லொற் என்பவர் வேலை முடிவதற்கு முதலாண்டிலேயே காலமானார். தாம் குடைந்த வழியிலே வண்டி ஓடக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

இந்த மலை ஒரு நீர்ப்பிரிப்பு முகடு. இதன் மேற்புறத்தில் விழும் பனி உருகி றைன் நதியோடு வடகடலுக்குச் செல்கிறது. கிழக்கில் விழுவது றொசானா ஆறாகி, இன் நதியிற் கலந்து, தன்யூப் வழியாகக் கருங்கடலை அடைகிறது. அடுத்தடுத்து விழுந்த இரு பனித்துகள்கள் இரு வேறு கடல்களைச் சேர்கின்றன. இதனைக் கேட்ட மருமகன், "ஒரு வீட்டுப் பிள்ளைகளைப்போல" என்றான். புத்தி சொல்ல இதுவே சமயம் என்று தோன்றிற்று. ஆயினும் வாய் எழவில்லை.

சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும் கண் கூசிற்று. வானம் நீலம், மற்றவை யாவும் வெள்ளை. கூரைகளின்மேல் ஒரு முழத்துக்குப் பனி, பஞ்சணை விரித்தாற்போற் கிடந்தது. சென் அன்ரன் கடல் மட்டத்திலிருந்து 1,304 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எமது நுவரெலியாவோ 1,868 மீற்றர். உயரத்தால் நுவரெலியா மேல். ஆயினும் அங்கே றோசாவும் இங்கே பனியும்! உயரம் மாத்திரம் போதாது, பூமத்திய கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் வேண்டும் என்று நாம் முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய பாடம், அன்று எமது மூக்கு நுனியிலே விறைத்து நின்றது.

இங்கே வாழ்பவர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே. மாரி காலத்திலோ உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். சுற்றிலும் கம்பிவடத்தில் ஊஞ்சற் பெட்டிகள் ஓடுகின்றன. கால்சிக் என்னும் மலைக்கு ஏறும் வடவழி 1937 இலேயே அமைக்கப்பட்டது. அதற்கப்பால் 2,800 மீற்றருக்கு மேலாக நிமிர்ந்து நிற்பது வலூகா சிகரம். எமது பிதுருதலாகலையிலும் அது உயர்ந்தது.

ஊருக்கு மேலே, கணவாயின் உச்சியில் சென் கிறிஸ்ரொப் என்னும் குக்கிராமம் உள்ளது. 1386 இலே ஹைன்றிக் என்னும் ஏழைப் பணியாள், கணவாயிற் பனியில் அகப்பட்டு மாண்ட வழிப்போக்கரைக் கண்டு மனம் நொந்து, தன் சிறு சேமிப்பைக் கொண்டு அங்கே ஒரு தங்குமடம் அமைத்தான். அவனை 'கண்டெடுத்த பிள்ளை' என்றே ஊரார் அழைத்தனர். பெற்றோர் இன்னார் என்று அறியாத அநாதை. பெயரில்லாத அந்தப் பிள்ளை எத்தனையோ பேரின் பிள்ளைகளைக் காத்தான். பழைய மடம் 1957 இலே தீக்கிரையாயிற்று. எனினும் அவன் பெயராலான அறச்சங்கம் இன்றும் வறிய குடும்பங்களுக்கு உதவி வருகிறது. அதே மடத்திலேதான், 1901 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆந் திகதி, மலையேற வந்த நண்பர் சிலர் கூடி ஆர்ல்பேர்க் பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவினர்.

சறுக்குப் பலகை நோர்வே முதலிய வடநாடுகளுக்குப் பழையது. அல்ப்ஸ் மலையின் செங்குத்துச் சரிவுகளுக்கு ஏற்றவாறு அதனை மாற்றியமைத்தவர்களில் முதல்வர் மத்தியாஸ் சதார்ஸ்கி என்னும் ஒஸ்ரியர். ஆனால், அதை ஒரு பாடத்திட்டமாக்கிய பெருமை ஹன்னெஸ் ஷ்னைடருக்கே உரியது. மலைக்கு அந்தப் புறத்திலுள்ள ஸ்ரூபன் என்னும் சிற்றூரில் 1890 இலே பிறந்த அவர், 1907 இலே பதினேழு வயதுப் பையனாகச் சென் அன்ரனுக்கு வந்து ஒரு விடுதியிற் சறுக்கற் பயிற்றுநரானார். (எமது மருமகனின் வயதும் பதினேழு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.) முதலாம் உலகப் போரிலே மலைப்படை வீரருக்குப் பயிற்சியளித்த அனுபவம் அவருக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தது: வல்லவரையும் வல்லமை குன்றியோரையும் ஒரே வகுப்பில் வைத்தால் இருவரும் கெடுவர். ஆகவே 1920 களில் அவர் நடத்திய பள்ளியில், மாணவர்களைத் தகுதிப்படி வகுப்பு வகுப்பாகப் பிரித்து, முதலிற் கலப்பைப் பிடி, பின்னர் அரைத் திருப்பம், அதன்பின் முழுத் திருப்பம் என்று படிப்படியாகக் கற்பித்தார். ஐரோப்பாவில் மாத்திரமன்றி, 1930 இலே ஜப்பான் நாட்டுக்கும் சென்று அம்முறையை விளக்கினார்.

1938 இலே ஹிற்லரின் ஆட்சி ஒஸ்ரியாவை விழுங்கியபோது, அதற்குப் பணியாத ஷ்னைடர் சிறைப்பட்டார். மறு ஆண்டிலே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, அங்குள்ள நோர்த் கொன்வே என்னும் ஊரிலே மறுபடியும் கற்பிக்கத் தொடங்கினார். 1955 இலே அங்கேயே மறைந்தார். ஊரை இழந்தவர் தொழிலை இழக்கவில்லை. அவர் சென்ற பின்னர், சென் கிறிஸ்ரொப்பிலுள்ள அரசினர் இல்லத்திலே பேராசிரியர் ஸ்ரெபான் குருக்கன்ஹவுசர் ஆசிரியப் பயிற்சியைப் பொறுப்பேற்று வளர்த்தார். 1950 களில் அவர் தலைமையில் வெளிவந்த ஒஸ்ரியப் பாடத்திட்டம் பல நாடுகளுக்கு வழிகாட்டிற்று.

நாம் மாணவரானோம்

மறுநாட் பிற்பகல், அந்த வேல்ஸ் நாட்டுப் பெண் நாம் தங்கியிருந்த விடுதிக்கே வந்துவிட்டாள். "ஐயா, எனக்கு ஓர் உபகாரம் செய்யவேண்டும். ஒருபோதும் பனியில் நிற்காத ஒருவர் எனக்கு மாணவராக வேண்டும். என் வகுப்பிலே எல்லாரும் வல்லவர்கள். தெரியாதவர்போல நடிக்கத்தான் அவர்களுக்குத் தெரியும். உண்மையாகவே தெரியாதவர் உங்களைப்போல் வேறு எங்கே கிடைப்பார்?" என்றாள். இதைவிடச் சிறந்த புகழுரை எமக்குக் கிடைத்ததில்லை. அறுபத்து மூன்று வயதில், இரவல் வாங்கிய பாதணிகளோடு, நாஸரைன் என்னும் பகுதியிலுள்ள தொடக்கநிலைச் சரிவுக்கு நாம் புறப்பட்டோம்.

பாதணி என்று சொன்னோம். அது கால்களுக்கு இட்ட விலங்கு. கணுக்கால் அசையாது. அதனைப் பலகையோடு பூட்டியதும், எமது காலே எமக்கு அந்நியமாயிற்று. நான்கு வயதுக் குழந்தைகள் எம்மைக் கடந்து கோழிக்குஞ்சுகள்போல ஓடின. அவர்களுக்கு ஆசிரியர் இடும் கட்டளை விசித்திரமானது: வேகத்தைக் குறைக்கப் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்புறத்தை விரிக்கவேண்டும், அதற்கு 'பீற்சா' என்று பெயர். வெட்டிய பீற்சாத் துண்டின் வடிவம் அது. பெரியவர்கள் அதையே கலப்பை என்கிறார்கள்.

அவள் எமக்கு முதலிற் கற்பித்தது விழுவதற்கு. பக்கவாட்டில், மேட்டுப்புறமாக, கைகளை முன்னே வைத்து விழவேண்டும். அதனை நாம் மிக விரைவிற் கற்றுக்கொண்டோம். அடுத்தது எழுவதற்கு. அதற்கு நெடுநேரம் சென்றது. மூன்றாவதாகத் திரும்புவதற்கு. இங்கேதான் எமக்கு ஒரு பெரும் உண்மை வெளியாயிற்று. சரிவிலே நிற்பவனுக்குப் பயம் வந்தால், உடம்பு தானாகவே மலைப்புறமாகச் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தாற் பலகையின் விளிம்பு பனியைக் கவ்வாது. கால் நழுவி விழுந்துவிடுவோம். பள்ளத்தைப் பார்த்து, பள்ளத்துப் பக்கமுள்ள காலிலே பாரத்தை ஏற்றுகிறவனே நிலைத்து நிற்பான். பயப்படுகிற பக்கமாகச் சாய்ந்தாற்றான் பத்திரம்!

சொல்வது எளிது. நாம் பதினொரு முறை விழுந்தோம் என்று மருமகன் கணக்கு வைத்திருந்தான்.

பாடம் முடிந்ததும் அவள் ஒரு பலகை வாங்கில் அமர்ந்து, "ஐயா ஆசிரியர் என்றீர்களே, எனது படிப்பிப்பில் என்ன பிழை? மறைக்காமற் சொல்லுங்கள்" என்றாள். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் நாம் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து எமது பாடத்தைக் கவனித்த விரிவுரையாளரின் முகம் நினைவுக்கு வந்தது. சற்று யோசித்துச் சொன்னோம்: "பிள்ளாய், இரண்டு பிழைகள். ஒன்று, நீ அதிகம் பேசுகிறாய். பயந்தவன் காதுக்கு ஒரு வசனத்துக்கு மேல் எட்டாது. மற்றது, நீ எமக்கு மேலே நின்று கற்பித்தாய். எமக்கு நீ தெரியவில்லை. பள்ளம் ஒன்றே தெரிந்தது."

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, சென்ற ஆண்டு தான் தவறிய காரணத்தைச் சொன்னாள். சறுக்குவதில் அவளுக்கு நல்ல புள்ளிகள். ஆனால், தொடக்கக்காரருக்கு மெதுவாகக் கலப்பைத் திருப்பம் செய்து காட்டச் சொன்னபோது, அவளால் மெதுவாகச் செய்ய முடியவில்லை. விரைந்தோடப் பழகிய கால்களுக்கு மெதுவாக நகர்வது பெரும்பாடாம். தான் மறந்துவிட்ட அறியாமையை ஆசிரியர் மறுபடியும் நினைவிற் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கணிதத்தில் மிக வல்லவரான சில ஆசிரியர்களிடம் கற்ற பிள்ளைகள் ஏன் திகைத்து விழித்தார்கள் என்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பனிமேட்டில் எமக்கு விளங்கிற்று.

வெண்மையின் மறுபக்கம்

இத்தொழிலில் அழகு மாத்திரம் இல்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் பனிச்சரிவைப் பற்றிக் கற்றாக வேண்டும். சரிவிலே படைபடையாகப் படியும் பனியில், ஒரு படை மற்றதனோடு ஒட்டாது கிடந்தால், ஒருவன் காலடிப் பாரமே அதனைப் பெயர்த்துவிடப் போதும். ஒவ்வொரு நாளும் ஆபத்தின் அளவு ஒன்று முதல் ஐந்து வரையான படிகளாக அறிவிக்கப்படுகிறது. ஐந்தாம் படியில் எல்லாரும் அஞ்சி ஒதுங்குவர். உயிர்ச்சேதம் மிகுவது மூன்றாம் படியிலே, துணிந்து செல்வோரிடையே என்று பாடத்திற் சொல்லிக் கொடுக்கிறார்கள். நடுத்தர ஆபத்தே மனிதனை ஏய்க்கிறது.

அவளுடைய பொதியிலே மூன்று பொருள்கள் எப்போதும் இருந்தன: புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சிறு வானொலிக் கருவி, மடித்துவைக்கும் நீண்ட துழாவுகோல், மண்வெட்டி. பனியில் முற்றாகப் புதைந்தவரை முதற் பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். எனவே உதவிக்கு வெளியாட்கள் வரும்வரை காத்திருக்க இயலாது. உடன் சென்றவரே காக்கவேண்டும். இதற்கு அண்டையிலுள்ள பற்ஸ்நவுன் பள்ளத்தாக்கிலே, 1999 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆந் திகதி கல்ற்யூர் என்னும் கிராமத்தின்மேல் பனிச்சரிவு வீழ்ந்து 31 பேர் மாண்டனர். ஓடித்திரிந்தவர்கள் அல்லர், பத்திரமானது என்று நம்பிய ஊருக்குள் இருந்தவர்கள்.

வருவாயும் நிலையற்றது. மார்கழி தொடங்கிச் சித்திரை வரையிலுமே வேலை. மற்ற மாதங்களில் தோணி கற்பித்தோ மலைவழி காட்டியோ பிழைக்கவேண்டும். முதற்படியில் தேறியவர் தொடக்கக்காரருக்குக் கற்பிக்கலாம். மேற்படிகளுக்கு இன்னும் பல பருவங்கள் உழைக்கவேண்டும். உச்சிப் பட்டத்துக்கு, நேரம் குறித்து ஓடும் போட்டிப் பரீட்சையும் உண்டு. அன்றியும், காலநிலை வெப்பமடைவதால் தாழ்ந்த மலைகளிலே பனி குறைந்து வருகிறது. இவ்வளவும் அறிந்தும் அவள் இத்தொழிலை விரும்புகிறாள். ஏன் என்று கேட்டோம். "முதன்முறை விழாமற் திரும்பிய ஒரு குழந்தையின் முகத்தைப் பாருங்கள், ஐயா" என்றாள். அதற்குமேல் நாம் கேட்கவில்லை.

பரீட்சை

அவளுக்கு மற்றொரு குறை ஜேர்மன் மொழி. கட்டளைகளை ஜேர்மன் மொழியிற் சொல்லவேண்டும். அந்த இரவும் அடுத்த இரவும் விடுதியின் கூடத்திலே எமது மருமகன் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். நாம் ஒரு மூலையிற் செய்தித்தாளை விரித்தவண்ணம் கவனித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு சொல்லில் தடுமாறியபோது அவன் விடையை எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தான். அவள் தவறாகச் சொன்னபோது சிரிக்கவில்லை. அதே சொல்லை வேறொரு வசனத்தில் வைத்துக் கேட்டான். மூன்றாம் முறை அவளே பிழையைக் கண்டு திருத்தினாள். இவ்வாறு காத்திருப்பதற்கு நாம் ஏழெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் அடிபட வேண்டியிருந்தது. தங்கையிடம் ஒப்புக்கொண்ட பணி அக்கணத்தில் எமது தொண்டையிலே முள்ளாய்க் குத்திற்று.

கற்பித்தற் பரீட்சை நாளன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழ் ஒன்பது பாகை. நாமும் மருமகனும் சரிவின் அடியிலே, வேலிக்கு வெளியே நின்றோம். அவளுக்குத் திருவுளச்சீட்டில் விழுந்த தலைப்பு, முதன்முறையாகச் சரிவில் நிற்கும் பெரியவர் ஒருவருக்குத் திரும்பக் கற்பித்தல். உடன்பயில்வோர் ஒருவர் பயந்த மாணவராக நடித்தார். பரீட்சகர் இருவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றனர்.

அவள் முதலிற் செய்தது என்னவென்றால், மாணவரைத் தாண்டிக் கீழே இறங்கி, அவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே நின்றாள். இனி அவருக்குத் தெரிவது பள்ளமன்று, அவள் முகம். பின்பு ஒரே ஒரு வசனம் சொன்னாள். காற்றிலே அது எமக்குக் கேட்கவில்லை. "என்னைப் பாருங்கள் என்கிறாள், மாமா" என்றான் மருமகன். அதன்பின் அவள் மெதுவாக, கல்யாண வீட்டிலே நிறைகுடம் சுமப்பவளைப்போல மெதுவாக, பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அந்த மாணவரைத் தன் பார்வையால் இழுத்துக்கொண்டு ஒரு திருப்பம் திரும்பினாள். அவள் முழங்கால் ஒரு தரம் நடுங்கியதை நாம் கண்டோம். வேகம் மாத்திரம் கூடவில்லை.

மாலை ஐந்து மணிக்கு முடிவு சொன்னார்கள். அவள் விடுதி வாசலுக்கு ஓடிவந்தபோது கண்ணீர் கன்னத்தில் உறைந்திருந்தது; எந்தப் பக்கம் என்று எமக்குத் தெரியவில்லை. "தேறிவிட்டேன்" என்றாள். மொழியைத் திருத்தவேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்களாம். தந்தைக்குத் தொலைபேசியிற் சொன்னபோது, அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, "அப்படியானால் ஆடுகளுக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும்" என்றாராம். அவருடைய மொழியில் அதுவே வாழ்த்து என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்புகையில்

மறுநாள் வண்டி மீண்டும் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருளிலே கண்ணாடியில் எமது முகமும் மருமகனின் முகமும் அருகருகே தெரிந்தன. "மாமா, அம்மா உங்களிடம் எனக்குப் புத்தி சொல்லச் சொன்னாவா?" என்று கேட்டான். பொய் சொல்ல முடியவில்லை. "சொன்னாள்" என்றோம். "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்றான்.

நாம் சொன்னது இதுவே: ஆசிரியத் தொழிலிலே செல்வம் இல்லை. நன்றி எப்போதாவது வரும், வராமலும் போகும். பிறர் பிள்ளைகளின் பயத்துக்கு முன்னே நாள்தோறும் போய் நிற்கவேண்டும். இவ்வளவும் தெரிந்து வேண்டுமென்றால் வா. மருத்துவம் கடினம் என்று அஞ்சி வருவதானால் வராதே. அவன் வெகுநேரம் யோசித்து, "அஞ்சி வரவில்லை, மாமா" என்றான். வண்டி வெளிச்சத்துக்கு வந்தது.

சூரிச்சில், தங்கை கதவைத் திறந்ததும் எமது முகத்தைத்தான் பார்த்தாள். மைத்துனர் பத்திரிகையை மடித்துவைத்தார். "பிள்ளை நன்றாகப் படிப்பிக்கிறான், எமது கண்ணாற் கண்டோம்" என்றோம். எவரும் பேசவில்லை. மைத்துனரின் கோபம் ஒரு வார்த்தையில் ஆறக்கூடியதன்று. அதற்கு இன்னும் பல இரவுகள் செல்லும். ஆயினும் சற்றுப் பொறுத்து அவர் மகனை நோக்கி, "அங்கே குளிர் எப்படி?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்குப் பின் அவர் அவனோடு பேசிய முதல் வார்த்தை அதுவென்று தங்கை பின்னர் எமக்குச் சொன்னாள்.

அவன் தந்தைக்கு எதிரே அமர்ந்து, ஒன்பது பாகைக் குளிரைப் பற்றி மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.